முணுமுணுப்புக்காரி

இன்னைக்கு எதைச் சொல்றது? சோபாவைப் பத்திப் போன வாரமே சொல்லியாச்சு. அம்மா சர்ச்சுல என்னைப் பத்தி அளந்துவிடறதை அந்தக் கோர்ட்டுப் படத்துல, ஜூரிகள் கலைஞ்சு போறப்ப சொல்லித் தீர்த்தாச்சு. கர்ட் குளிக்கிறப்ப என் பேரை விருது மேடையில அறிவிக்கிற மாதிரி அறிவிச்சுப் பார்க்கிறானே, அது? அது வேண்டாம். அதைச் சொன்னா அதுக்கு அடுத்ததையும் சொல்ல வேண்டி வரும்.

வெல்டா குசேரா இப்படி யோசித்துக்கொண்டே காலணிகளைக் கழற்றிக் கதவோரம் வைத்தாள். லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய பர்பேங்கில் அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் காலணியோடு யாரும் போவதில்லை. வளையல், சாவிக்கொத்து, சரசரக்கிற மழைக்கோட்டு எல்லாம் வெளியேதான். உள்ளே அரையிருட்டில், வெறும் சாக்ஸ் காலோடு எட்டுப் பேர். ஓரத்து மேஜையில் ஒரு தட்டு நிறையப் பச்சை ஆப்பிள் துண்டுகள். வாய் உலர்ந்து எழும் பிசுபிசுப்புச் சத்தம் மைக்கில் விழாமல் இருக்க அதைவிட நல்ல மருந்து கிடையாது.

படப்பிடிப்பில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதில்லை. சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள். எல்லாம் வாயசைப்பு மட்டும். முன்னால் இருக்கும் கதாநாயகனின் வசனம் சுத்தமாகப் பதிவாக வேண்டும் அல்லவா. படம் எடுத்து முடித்த பிறகு அந்த ஊமைக் கூட்டத்துக்குச் சத்தம் கொடுக்க இந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். வெல்டா அவர்களில் ஒருத்தி. கல்யாண வீட்டின் கலகலப்பு, ஆஸ்பத்திரி வராந்தாவின் குசுகுசுப்பு, போர்க்களத்தின் கூச்சல், எல்லாவற்றிலும் அவள் இருப்பாள். ஒரு வார்த்தைகூடத் தனியாகக் காதில் விழாது. விழக் கூடாது. அதுதான் தொழில்.

"கேட்டுச்சுன்னா கெட்டுச்சு" என்பாள் டெல்ஃபின். இந்தக் கும்பலை நடத்துகிறவள். லூசியானாக்காரி, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல், அறுபதைத் தாண்டியவள். "நீங்க வசனம் பேசறவங்க இல்லடா கண்ணுங்களா. நீங்க சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு. எவனாவது வீட்டுக்குள்ள நுழைஞ்சு, ஆகா என்ன சுண்ணாம்புன்னு நின்னான்னா வீடு கட்டினவனுக்கு அவமானம்."

இந்தக் கும்பலுக்கென்று ஒரு நாகரிகம் உண்டு. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து ஒரே நேரத்தில் இருவரும் பேச வேண்டும். ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கக் கூடாது. காது கொடுத்தால் பேச்சு தடுமாறும், ஒரு இடைவெளி விழும், மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் வெல்டாவின் ஜோடி நெஸ்டர் வருடக்கணக்கில் அவளிடம் தன் வீட்டு வெந்நீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். ரோமாபுரிச் சந்தையிலும் அந்தத் தொட்டி ஒழுகியது, நிலாவுக்குப் போகிற கப்பலிலும் ஒழுகியது. வெல்டா ஒரு நாளும் கேட்டதில்லை. அவனும் அவளைக் கேட்டதில்லை.

அந்தக் கேளாமையில்தான் அவளுக்கு இந்தப் பழக்கம் வந்தது. ஒரு கப்பல் மூழ்கும் படம். எல்லாரும் அலறிக்கொண்டிருந்தார்கள். காப்பாத்துங்க, படகு எங்கே, என் குழந்தை என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். வெல்டாவுக்குக் கத்த ஒன்றும் தோன்றவில்லை. திடீரென்று, "உன் அக்கா இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம்" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கப்பல் மூழ்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டெல்ஃபின் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். வீட்டுக்குப் போகும் வழியில், நன்றாகத் தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள்போல வெல்டாவுக்கு உடம்பு லேசாக இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் வந்தாள். வெல்டா சிரித்த முகத்தோடு வான்கோழியை அறுத்துப் பரிமாறினாள். சிரிப்பு உண்மையாகவே வந்தது, அதுதான் ஆச்சரியம்.

பிறகு அவள் காட்சிக்குத் தக்கபடி மனத்தில் இருப்பதை எடுத்து வைக்கப் பழகிக்கொண்டாள். சின்னச் சின்னப் புகார்களுக்குச் சந்தைக் காட்சிகள். பழைய கோபங்களுக்குப் போர். மெல்லிய விஷயங்களுக்குக் கல்லறையோ நூலகமோ வரும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசவேண்டிய அவசியமும் இல்லை, வீட்டில் பேசுவதற்குக் கர்ட் இருந்தான்.

கர்ட் அவள் கணவன். கராஜ் கதவு பொருத்துகிற வேலை. நெப்ராஸ்காவில் அண்ணனோடு சேர்ந்து டிராக்டர் கடை வைத்திருந்தவன், மனைவி நடிகையாக வேண்டும் என்பதற்காகத் தன் பங்கை அண்ணனிடமே விட்டுவிட்டு, ஒரு பழைய வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தவன். கதவு பொருத்தப் போகிற வீடுகளில் எல்லாம், "என் ஒய்ஃப் சினிமாவுல இருக்கா" என்பான். எந்தப் படம் என்று கேட்டால் பெயரைச் சொல்லி, எந்த நிமிஷத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்வான். "வெயிட்டர் தட்டை வைக்கிறப்ப பின்னாடி 'ம்ம்'னு ஒரு சத்தம் வரும். அது வெல்டா." சொல்லிவிட்டு உடனே சேர்த்துக்கொள்வான்: "இதெல்லாம் ஆரம்பம்தான். அவளுக்கான ரோல் இன்னும் வரலை."

இந்தக் கடைசி வாக்கியம்தான் வெல்டாவின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

திரையில் ரெஸ்டாரன்ட் வந்தது. முன் மேஜையில் ஒரு காதல் ஜோடி முறைத்துக்கொண்டிருந்தது. பின்னால் ஏழெட்டு மேஜைகளில் ஊமைகள் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். கூடத்தின் கடைசியில் சோபாவில் இயக்குநர் எஸ்ரா உட்கார்ந்திருந்தான். தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்த இளைஞன், முதல் படம். முதல் படக்காரர்கள்தான் இதையெல்லாம் உட்கார்ந்து பார்ப்பார்கள்; இரண்டாவது படத்துக்கு அசிஸ்டென்டை அனுப்பிவிடுவார்கள்.

டெல்ஃபின் ஆட்களைப் பிரித்தாள். "வெல்டா, நெஸ்டர், அந்தத் தூண் பக்கத்து மேஜை உங்களுது. பில் கொடுத்துட்டு எழுந்து வெளிய போறீங்க. பேசிக்கிட்டே மைக்கைத் தாண்டி நடங்க. சந்தோஷமான புருஷன் பொண்டாட்டி."

"சந்தோஷமா?" என்றான் நெஸ்டர். "எனக்கு அனுபவம் பத்தாதே அக்கா."

"உன் மூணு கல்யாணத்துல எதையாவது நினைச்சுக்கோ. முதல் வாரத்தை நினைச்சுக்கோ."

"முதல் வாரத்துல தொட்டி ஒழுகிச்சு."

"நடடா."

சிவப்பு விளக்கு எரிந்தது. வெல்டா நடந்தாள். திரையில் அந்தத் தூண் பக்கத்து மேஜையில் ஒரு பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கணவனைப் பார்த்துச் சிரித்து, ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள்? சாப்பாடு நன்றாக இருந்தது என்றா? அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், வேண்டாம் என்று வைத்திருந்தது தானாக வாய்க்கு வந்துவிட்டது.

அதே கணத்தில் நெஸ்டரின் தொண்டையில் ஆப்பிள் துண்டு மாட்டிக்கொண்டது. சிவப்பு விளக்கு எரியும்போது வாயில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவன் அவசரத்தில் முழுசாக விழுங்கப் பார்த்திருக்கிறான். விழுங்கவும் முடியாமல், இருமவும் கூடாமல், கண்கள் பிதுங்க, ஒரு சத்தமும் இல்லாமல் பக்கத்தில் நடந்து வந்தான். அவன் பேச வேண்டிய இடம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அந்தக் காலியிடத்தில் வெல்டாவின் குரல் கண்ணாடிபோலத் தெளிவாக மைக்கைக் கடந்து போனது.

"நடிகையா ஆகலைன்னு எனக்கு வருத்தமே இல்ல. வருத்தம் இல்லைன்னு அவன்கிட்ட சொல்லத்தான் பயமா இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு வந்தான். அந்த ஆசையை நான் எப்பவோ விட்டுட்டேன்."

"கட்" என்றாள் டெல்ஃபின். "நெஸ்டர், சாகறதா இருந்தா வெளிய போய்ச் சாவு."

யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். வெல்டாவும் சிரித்தாள். நல்ல வேளை, தப்பான டேக், அழித்துவிடுவார்கள்.

"ஒரு நிமிஷம்" என்று சோபாவிலிருந்து ஒரு குரல் வந்தது. எஸ்ரா எழுந்து நின்றிருந்தான். "அதைத் திரும்பப் போடுங்க."

போட்டார்கள். பெரிய ஸ்பீக்கர்களில் வெல்டாவின் ரகசியம் கூடத்தை நிறைத்தது. மறுபடி போடச் சொன்னான். தன் குரலை இவ்வளவு பெரிசாக அவள் கேட்டதே இல்லை. யாரோ தன் அலமாரியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவதுபோல இருந்தது.

"எங்கேருந்து புடிச்சீங்க இதை?" என்றான் எஸ்ரா. "எழுதி வெச்சுக்கிட்டு வந்தீங்களா?"

"வாய்க்கு வந்துச்சு."

"இந்தப் படத்துல என்ன குறையுதுன்னு ஆறு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன். இதான் குறையுது. முன்னாடி இதுங்க ரெண்டும் சின்னப்பிள்ளைங்க மாதிரி சண்டை போடுதுங்க, பின்னாடி மேஜையில ஒருத்தி அமைதியா இதைச் சொல்றா." அவன் கைகளால் சட்டம் கட்டி அவள் முகத்தை அதற்குள் வைத்துப் பார்த்தான். "வியாழக்கிழமை எங்களுக்கு ஒரு நாள் ஷூட்டிங் பாக்கி இருக்கு. அதே ரெஸ்டாரன்ட் செட். நீங்க வந்து உட்காருங்க. குரல் மட்டும் இல்ல, முகம். உங்களுக்குன்னு ஒரு பேரு வெச்சு, ஒரு பக்கம் வசனம் எழுதித் தரேன்."

கூடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். பொறாமை இல்லாத கைதட்டு. இங்கே இருக்கிற எல்லாருமே ஒரு காலத்தில் முகம் காட்டி நடிக்க வந்தவர்கள்தான். நெஸ்டர் அவளைக் கட்டிக்கொண்டான். "என் தொண்டைக்கு நீ நன்றி சொல்லணும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் வெல்டா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. எஸ்ரா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அசிஸ்டென்டிடம் அவள் வீட்டு நம்பரை வாங்கச் சொன்னான்.

கார் நிறுத்துமிடத்தில் டெல்ஃபின் அவள் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள்.

"கண்ணு, அது வசனமா?"

"வசனம்தான்."

"சரி. வசனம்தான்." டெல்ஃபின் தூரத்து மலையைப் பார்த்தாள். "அந்தப் பையன் நல்லவன். நீ நல்லா நடிச்சேன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். நினைச்சுக்கட்டும். உன் புருஷன் படம் பார்ப்பானா?"

வெல்டா சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். கர்ட் படம் பார்ப்பானாவா? அவன் டிக்கெட் கொடுக்கிறவனிடமே ஆரம்பித்துவிடுவான்.

"எதுவா இருந்தாலும் சரி" என்று டெல்ஃபின் ஜன்னலைத் தட்டினாள். "பெரிய நடிகையாயிட்டா என்னை மறந்துடு, வருத்தப்பட மாட்டேன். ஆகலைன்னா செவ்வாய்க்கிழமை கன்னியாஸ்திரி மடத்து சீன் ஒண்ணு இருக்கு. கிசுகிசுன்னு பேசறதுக்கு உன்னை விட்டா எனக்கு ஆள் இல்ல."

வழியெல்லாம் வெல்டாவுக்கு அந்த மடம்தான் மனத்தில் ஓடியது. கல் சுவர்கள், அதில் மோதித் திரும்பும் குசுகுசுப்பு. அதற்கு உதட்டை எவ்வளவு திறக்க வேண்டும், மூச்சை எங்கே விட வேண்டும் என்று அவள் தன்னையறியாமல் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் உறைத்தது: வியாழக்கிழமையை அவள் ஒரு தரம்கூட ஒத்திகை பார்க்கவில்லை.

சிறுமியாக இருந்தபோது நெப்ராஸ்காவில், சர்ச் விருந்துகளில், நீளமான மேஜைகளுக்கு அடியில் படுத்துக்கொள்வாள். மேலே நூறு பேர் பேசுவது ஒரே சத்தமாக, ஒரு மிருகம் மூச்சு விடுவதுபோலக் கேட்கும். அதைப்போலவே தன் தொண்டையில் செய்து பார்ப்பாள். அம்மாவைப்போல், பாதிரியாரைப்போல், அடைக்கோழிபோலக் கேறுகிற மிஸஸ் நோவாக்கைப்போல். அதைப் பார்த்துத்தான் எல்லாரும், இவள் நடிகையாகப் போகிறாள் என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்? மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டே ஒருத்தியால் பிழைக்க முடியும் என்று நெப்ராஸ்காவில் யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியாது. ஷாம்பு விளம்பரத் தேர்வுகளில் நின்று, மணப்பெண்ணின் இரண்டாவது தோழியாக நடந்து, ஒருநாள் தற்செயலாக இந்த இருட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். வந்து சேர்ந்துவிட்டோம் என்பது நெடுநாள் வரை அவளுக்குப் புரியவில்லை. இன்னும் வழியில் இருப்பதாகவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் கர்ட் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தான். கார் நிற்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டான்.

"போன் வந்துது. வெல்டா, போன் வந்துது. நான்தான் எடுத்தேன். முகமாம். பேராம். நான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், ஏம்மா இத்தனை நாள் எங்கே தூங்கிட்டிருந்தீங்கன்னு. அவ சிரிச்சா. வியாழக்கிழமை நான் லீவு போட்டுட்டேன், நான்தான் உன்னைக் கொண்டுபோய் விடப்போறேன். உன் அம்மாகிட்ட சொல்லியாச்சு."

"அம்மாகிட்ட ஏன் சொன்னே?"

"ஏன் சொன்னேனா? கேக்கறதைப் பாரு."

அம்மாவே அழைத்தாள். பின்னால் நிறையப் பேர் பேசிக்கொண்டிருக்கும் சத்தம். சர்ச் சமையலறையிலிருந்து பேசுகிறாள்.

"வெல்டா, முகம் நிஜமாவே தெரியுமா? நல்லா விசாரிச்சியா?"

"தெரியும்னுதான் சொல்றாங்க அம்மா."

"அப்பாடா. இங்க எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுப் படம் பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு. போன தடவை உன் சத்தம்னு நினைச்சு நாங்க கை தட்டினோம், கடைசில பார்த்தா அது ஃப்ரிட்ஜ்." அம்மா போனைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ சொன்னாள்: "தெரியுமாம்." ஒரு ஆரவாரம் எழுந்தது. வெல்டா போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். நல்ல ஆரவாரம். பத்துப் பன்னிரண்டு பெண்கள், தாழ்ந்த கூரை, பக்கத்தில் எங்கோ தண்ணீர் கொதிக்கிறது. இதைச் செயற்கையாகச் செய்ய ஆறு பேராவது வேண்டும்.

புதன்கிழமை மாலை வசனம் கர்ட்டின் ஈமெயிலுக்கு வந்தது. அதை அவன் ஆபீஸிலேயே அச்செடுத்து, அவள் வரிகளுக்கு மஞ்சளும் கணவனின் வரிகளுக்குப் பச்சையும் பூசி எடுத்து வந்தான். சாப்பிட்டு முடித்த தட்டுகளை ஒதுக்கிவிட்டுச் சமையலறை மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். இத்தனை வருடங்களாக அவளுடைய ஒவ்வொரு தேர்வுக்கும் எதிர்ப்பாத்திரம் கர்ட்தான். டாக்டராக, மாமியாராக, ஒரு தரம் குதிரையாகவும் இருந்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் ஒரே குரல்தான், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புக் குரல். ஆனால் ஒரு தடவையும் அலுத்துக்கொண்டதில்லை.

"நான் புருஷன்" என்றான் கர்ட், தொண்டையைச் செருமிக்கொண்டு. "'சாப்பாடு எப்படி இருந்தது?'"

"'நல்லா இருந்தது.'"

"'ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய்?'" அடுத்த வரியைப் படிக்காமல் அவன் கண்கள் மஞ்சள் பகுதிக்கு ஓடின. புருவம் சுருங்கியது. "என்னடி இது, இவ இப்படிச் சொல்றா?"

"எப்படி?"

"அவன் பாவம் இல்லையா? எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்கான்."

"பாவம்தான்."

"எனக்கு நம்பிக்கை வரலை. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒருத்தி இதைச் சொல்லாம இருப்பாளா? அவனுக்குத்தான் தெரியாமப் போகுமா?"

"தெரியாமப் போகலாம். அவன் கொஞ்சம் அதிகம் பேசறவனா இருந்தா."

கர்ட் யோசித்துப் பார்த்துத் தலையாட்டினான். "ஆமா, சில பேர் அப்படி இருக்காங்க. என் அண்ணன் அப்படித்தான். சரி, சொல்லு, உன் வரி."

வெல்டா தாளைப் பார்க்கவில்லை. சமையலறையில் வேறு யாரும் இல்லை. பக்கத்து மேஜை இல்லை, நெஸ்டரின் தொட்டி இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு கூட்டம் இல்லை. எதிரில் கர்ட்டின் பெரிய முகம், மீசையில் ஒட்டிய ரொட்டித் துணுக்கு, முழு உலகத்தையும் அவளுக்காகக் காத்திருக்கச் சொல்லிவிட்ட கண்கள்.

"நடிகையா ஆகலைன்னு எனக்கு வருத்தமே இல்ல" என்றாள். "வருத்தம் இல்லைன்னு உன்கிட்ட சொல்லத்தான் பயமா இருக்கு. நீ எல்லாத்தையும் விட்டுட்டு வந்தே. அந்த ஆசையை நான் எப்பவோ விட்டுட்டேன். எனக்கு இப்ப இருக்கிறது போதும் கர்ட். போதும்னா குறைஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. நிறைய இருக்கு."

கடைசி மூன்று வரிகள் தாளில் இல்லை.

கர்ட் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கண்கள் பளபளத்தன. சொல்லியாயிற்று, கேட்டுவிட்டான், கூரை இடிந்து விழவில்லை. அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகக் கை தட்டத் தொடங்கினான்.

"என் பேரைக்கூடச் சேர்த்துக்கிட்டே" என்றான். "ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன். மயிர் கூச்செறிஞ்சுது, பாரு, கையைப் பாரு."

அவள் அவன் கையைப் பார்த்தாள். உண்மைதான்.

சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள். இத்தனை வருடம் பயந்து பயந்து வைத்திருந்த ஒன்றை அவன் முகத்துக்கு நேரே வைத்தாயிற்று, அவன் அதற்கு மதிப்பெண் போடுகிறான். கோபப்படக்கூடத் தோன்றவில்லை. நடிப்பு என்று நினைத்த மாத்திரத்தில் அவன் எவ்வளவு நன்றாகக் கேட்டான். இந்த வீட்டில் அவள் இவ்வளவு நீளமாக ஒன்றைப் பேசி, அவன் குறுக்கே பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும். இப்படியே விட்டுவிட்டால் என்ன? நாளைக்குப் போய் உட்காரலாம். படம் வரும். நெப்ராஸ்காவில் கண்ணைத் திறந்துகொண்டு பார்ப்பார்கள். கர்ட் குளியலறையில் இன்னும் சத்தமாக அறிவிப்பான். உண்மை எல்லார் கண் முன்னாலும் இருக்கும், யாரும் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது ஒரு வகையில் சௌகரியம்தான்.

"ஆனா ஒண்ணு" என்றான் கர்ட், தாளைத் தட்டிக் காட்டி. "இங்க அடைப்புக்குறிக்குள்ள என்ன போட்டிருக்கு பாரு. 'மறைத்து வைத்த துயரத்தோடு.' நீ அதை விட்டுட்டே. வருத்தமே இல்லாத மாதிரி சொல்றே. அவளுக்கு உள்ளுக்குள்ள வருத்தம் இருக்கு வெல்டா, அதைத்தான் இல்லைன்னு சொல்லி மறைக்கிறா. அதான் இந்தக் காட்சியோட உயிரே. டைரக்டர் சரியாத்தான் எழுதியிருக்கான்."

அந்த அடைப்புக்குறியை வெல்டா அப்போதுதான் பார்த்தாள். துயரத்தை வரவழைப்பது அவளுக்குப் பெரிய வேலை இல்லை. எத்தனையோ சாவு வீடுகளுக்கு அழுது கொடுத்திருக்கிறாள். தொண்டையை எங்கே கொஞ்சம் இறுக்க வேண்டும், எந்தச் சொல்லுக்கு முன் மூச்சை நிறுத்த வேண்டும் என்று தெரியும். இறுக்கினால் வந்துவிடும். வந்துவிட்டால், அவள் சொன்ன ஒரே நிஜமும் ஒரு பெரிய திரையில், என்றைக்கும் அழியாமல், பொய்யாக நின்றுவிடும். கர்ட் இருட்டில் உட்கார்ந்து, தன் மனைவி உள்ளுக்குள் எவ்வளவு ஏங்கிக்கொண்டிருக்கிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்ப்பான். பிறகு ஆயுள் முழுக்க அந்த ஏக்கத்தைத் தீர்த்து வைக்க ஓடிக்கொண்டே இருப்பான்.

"எங்கே" என்றான் அவன் ஆவலாக, முழங்கைகளை மேஜையில் ஊன்றிக்கொண்டு. "இன்னொரு தடவை. இப்ப வருத்தத்தோட."

வெல்டா தாளைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இல்ல கர்ட்" என்றாள்.

"களைப்பா இருக்கா? காலையில வேன்ல போறப்ப பார்த்துக்கலாமா?"

"வேன்லயும் வேண்டாம்."

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். "வசனம் பிடிக்கலையா? அந்தப் பையன்கிட்ட மாத்தித் தரச் சொல்லலாம். நான் வேணா பேசறேன்."

"வசனத்துல ஒரு தப்பும் இல்ல" என்றாள் வெல்டா. "நான் போகல."